உட்காரும் வித்தை

ஆரணி என்ற பெயரைச் சரித்திரப் புத்தகத்தில் தேடினால் இரண்டு சண்டைகள் கிடைக்கும். 1751-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ராபர்ட் கிளைவ், சந்தா சாகிப்பின் மகன் ராஜா சாகிப்பின் படையை இங்கே முறியடித்தான். 1782-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஹைதர் அலியும் சர் அயர் கூட்டும் இங்கே மோதிக்கொண்டார்கள். இவற்றோடு கோட்டையையும் ஜாகீர்தாரையும் பற்றி நாலு வரி இருந்தால் அதிகம். நின்று சண்டை போட்டவர்களுக்குத்தான் சரித்திரம் போலும். உட்கார்ந்து வேலை செய்தவர்களைப் பற்றி யாரும் எழுதி வைக்கவில்லை.

நான் உட்கார்ந்தவர்களின் வம்சத்தில் பிறந்தவன். அதனால் இந்தக் குறையைக் கொஞ்சமாவது தீர்க்கலாமென்று பார்க்கிறேன்.

எங்கள் பக்கத்தில் 'உட்கார்' என்று யாரும் சொல்லுவதில்லை. 'குந்து' என்போம். பட்டணத்துக்கு வந்து கதை எழுத ஆரம்பித்த பிறகு இந்தச் சொல்லை நான் வெட்கப்பட்டு மறைத்து வைத்தேன். ஆனால் என் வாழ்நாளில் எனக்கு யாராவது ஒரு வித்தையை ஒழுங்காகக் கற்றுக்கொடுத்தார்கள் என்றால், அது இந்த ஒரு சொல்லில் ஆரம்பித்ததுதான்.

எனக்குப் பத்து வயது. கோடை விடுமுறை. பெரியப்பா என்னைத் தறிக்கு அழைத்துப் போனார். குழித்தறியைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. தரையிலே ஒரு குழி. குழியின் விளிம்பில் ஒரு பலகை. அந்தப் பலகையில் உட்கார்ந்து கால்களைக் குழிக்குள் விட்டு மிதிகளை மிதிக்க வேண்டும். நெய்த சேலை சுற்றிக்கொள்ளும் மரம் வயிற்றுக்கு அருகே குறுக்காக நிற்கும். ஒரு கை நாடாவை ஓட்டும். மறு கை அச்சுப் பலகையை இழுத்து ஊடையை அடித்து நெருக்கும். கண் மட்டும் பாவை விட்டு நகரக்கூடாது. ஒரு நாளைக்கு எட்டு மணி, பத்து மணி நேரம் இதே காரியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் குழிக்குள் ஈரம் கசிந்தால்தான் ஓய்வு. அந்த ஓய்வுக்குக் கூலி கிடையாது.

பெரியப்பா பேச்சுக்காரர் அல்ல. "குந்து" என்றார். குந்தினேன். என் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, முதுகில், கையை வைத்தார். தள்ளவில்லை, சும்மா வைத்தார். அந்தக் கை இருந்த இடத்தில் என் முதுகு தானாக நீண்டது. பிறகு தோளில் இரண்டு விரலால் தட்டி, "இதை விடு. கையாலே அடிக்காதே, உடம்பாலே அடி" என்றார். ஒரு வாரம் முழுவதும் இவ்வளவுதான் பாடம். நான் மறந்து போய்த் தோளைத் தூக்கும்போதெல்லாம் எங்கிருந்தோ அந்த இரண்டு விரல் வந்துவிடும். கரும்பலகை கிடையாது, புத்தகம் கிடையாது, வகுப்பில் இன்னொரு மாணவனும் கிடையாது. ஓர் ஆசிரியர், ஒரு சிஷ்யன், ஒரு கை.

ஆனால் இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. மத்தியானம் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் பெரியப்பா உடனே எழுந்து வரமாட்டார். இரண்டு கைகளையும் தரையில் ஊன்றுவார். ஒரு காலை மேலே போடுவார். சற்று நேரம் அப்படியே இருப்பார். பிறகுதான் மறு கால். எழுந்து நின்ற பிறகும் அவர் முதுகு தறியிலேயே இருக்கும். தெருக்கோடி வரையில் வளைந்தபடியே நடந்துபோய், அதற்கு அப்புறந்தான் ஒரு மாதிரி நிமிருவார். வயசாகிவிட்டது, அதனால் இப்படி என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்போது அவருக்கு வயது 42. இன்று எனக்கு அதற்கு மேல் ஆகிறது.

தறியிலிருந்து தப்பித்துவிட்டேன் என்று வெகுகாலம் எனக்குப் பெருமை இருந்தது. தப்பித்துப் போய் என்ன செய்தேன்? ஒரு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தேன். குழிக்குப் பதில் நாற்காலி, பாவுக்குப் பதில் காகிதம். வேறு வித்தியாசம் இல்லை. போன வருஷம் கழுத்திலிருந்து வலது கை வரையில் ஒரு வலி இறங்கிற்று. நான்கு வரி எழுதினால் பேனா கீழே விழும். ஒரு வைத்தியர் மாத்திரையும் கழுத்துப் பட்டையும் கொடுத்தார். மாத்திரை வயிற்றைக் கெடுத்தது. பட்டையைப் பார்த்து என் பெண் சிரித்தாள். கடைசியில் ஒரு நண்பர் சென்னையிலே யோகம் சொல்லிக்கொடுக்கும் ஓர் அம்மையாரிடம் அனுப்பினார். ஒரு சமயத்தில் ஒருவருக்குத்தான் பாடம் என்பது அவர் நியமம்.

தலைகீழாக நிற்கச் சொல்லுவார் என்று பயந்துகொண்டு போனேன். அவர் கையைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன். மறுபடியும் தூக்கச் சொன்னார். பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, "சார், நீங்கள் கையைத் தூக்கவில்லை. தோளைத் தூக்குகிறீர்கள், கை கூட வருகிறது" என்றார். சொல்லிவிட்டு என் தோளில் இரண்டு விரலால் தட்டினார்.

முப்பது வருஷத்துக்கு முந்திய ஆரணித் தெரு சட்டென்று முன்னால் வந்து நின்றது. இந்த இரண்டு விரல் எங்கிருந்து எங்கே வந்தது? அதைத் தேடிப் படித்ததில் கிடைத்த சங்கதிகளைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

உட்கார்ந்து வேலை செய்கிறவர்களின் துன்பத்தை முதலில் முறையாக எழுதி வைத்தவர் இத்தாலி தேசத்து வைத்தியர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி. தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி அவர் எழுதிய லத்தீன் நூல் 1700-ஆம் ஆண்டில் வெளிவந்தது. தையற்காரர்களும் செருப்புத் தைப்பவர்களும் குனிந்து குனிந்தே கூனிப்போவதை அதில் சொல்லியிருக்கிறார். 1713-இல் வந்த இரண்டாம் பதிப்பில் எழுத்தர்களையும் சேர்த்துக்கொண்டார். ஓயாத உட்காருதல், ஒரே மாதிரியான கை அசைவு, தப்பு வராமல் இருக்க வேண்டுமே என்ற மன உளைச்சல் ஆகிய மூன்றும் அவர்களை வாட்டுகின்றன என்றார். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் என் கழுத்தைப் பார்த்த மாதிரி இருந்தது. நோயைச் சொன்னாரே தவிர, வேறு விதமாக உட்காரக் கற்றுக்கொடுக்கலாம் என்ற எண்ணம் வளர மேலும் இரண்டு நூற்றாண்டுகள் வேண்டியிருந்தன.

அந்த எண்ணத்துக்கு மேல்நாட்டில் உருக்கொடுத்தவர் வைத்தியர் அல்ல. நம்முடைய கதாகாலட்சேபக்காரர் மாதிரி ஒருவர். பிரெடரிக் மத்தாயஸ் அலெக்ஸாண்டர் என்று பெயர். 1869-இல் ஆஸ்திரேலியாவை அடுத்த டாஸ்மேனியாத் தீவில் பிறந்தவர். நாடகப் பகுதிகளை மேடையில் ஒப்பிப்பது தொழில். தொழிலுக்கு வேண்டிய குரலே அவரைக் கைவிட்டது. மேடை ஏறினால் தொண்டை கம்மிவிடும். வைத்தியர்கள் குரலுக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார்கள். ஓய்வில் சரியாகும், மேடையேறினால் திரும்பி வரும். அப்படியானால் மேடையில் நான்தான் ஏதோ செய்து என் குரலைக் கெடுத்துக்கொள்ளுகிறேன் என்று அந்த மனிதர் யோசித்தார். பழியைத் தொண்டைமேல் போடாமல் தம்மேல் போட்டுக்கொண்ட இந்த யோசனைதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

கண்ணாடி முன்னால் நின்று ஒப்பித்துப் பார்த்தார். வாயைத் திறக்கும்போதே தலையைப் பின்னால் இழுத்துத் தொண்டையை அமுக்கி, மூச்சை 'உஸ்' என்று உறிஞ்சுவது தெரிந்தது. சரி, தலையை முன்னால் வைத்தால் போயிற்று என்று முயன்றார். வைத்துவிட்டதாகவே அவருக்குத் தோன்றியது. பக்கத்துக்கு ஒன்றாக இன்னும் இரண்டு கண்ணாடிகளை வைத்துப் பார்த்தால் தலை முன்னைவிட அதிகமாகப் பின்னால் போயிருந்தது! வெகுகாலப் பழக்கத்தினால் உடம்பின் உணர்ச்சியே பொய்ச் சாட்சி சொல்லுகிறது என்று அப்போது கண்டுகொண்டார். கூனிப்போனவனுக்குக் கூனல்தான் நேர். அவனை நிமிர்த்தினால் பின்னால் சாய்ந்து விழப்போவதாகப் பயப்படுவான்.

ஆகவே அவர் வழி, 'நிமிர்ந்து உட்கார்' என்று அதட்டுகிற வழி அல்ல. காரியத்தைச் செய்யத் தூண்டுகிற அந்த முதல் கணத்தில் சற்று நிற்பது. பழைய பழக்கத்துக்கு இடங்கொடாமல் இருப்பது. கழுத்தை இறுக்காமல் விடுவது. பிறகு காரியத்தைச் செய்வது. இதைப் புத்தகத்தில் படித்துச் செய்ய முடியாது. படிக்கிறவனுடைய உணர்ச்சிதான் பொய் சொல்லுகிறதே! எனவே ஆசிரியர் தம் கையைச் சிஷ்யனுடைய கழுத்திலும் முதுகிலும் வைத்து, நாற்காலியில் உட்காருவதையும் எழுந்திருப்பதையும் திரும்பத் திரும்பப் பழக்க வேண்டியிருந்தது. ஒருவருக்கு ஒருவர் என்ற பாடம் இந்த வித்தையில் ஆடம்பரம் அல்ல, அவசியம்.

அலெக்ஸாண்டர் 1904-இல் லண்டனுக்குப் போனார். நடிகர்கள் வந்தார்கள். அமெரிக்கத் தத்துவாசிரியர் ஜான் டூயி வந்தார். எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லி வந்தார். எண்பது வயதில் பெர்னார்ட் ஷா வந்தார். 1931-இல் ஆசிரியர்களைத் தயார் செய்யும் வகுப்பு ஆரம்பமாயிற்று. எதிரிகளும் இல்லாமல் இல்லை. தென்னாப்பிரிக்காவில் வெளிவந்த ஒரு பத்திரிகை அவரைப் போலி வைத்தியர் என்று எழுத, அவர் மானநஷ்ட வழக்குத் தொடுத்து 1948-இல் ஆயிரம் பவுன் நஷ்ட ஈடு பெற்றார். 1955-இல் காலமானார். 1973-இல் நோபல் பரிசு பெற்ற பிராணி நூல் நிபுணர் நிக்கோ டின்பெர்கன் தம் பரிசுப் பேருரையில் கணிசமான பகுதியை இந்த மேடைக்காரரின் கண்டுபிடிப்புக்கு ஒதுக்கினார்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம்.

அலெக்ஸாண்டர் இளைஞராக இருந்த காலத்தில், 1888-இல், மைசூர்ச் சீமையில் முசுகுந்தபுரம் என்ற கிராமத்தில் ஒரு வைஷ்ணவக் குடும்பத்தில் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் பிறந்தார். வேதாந்தமும் தர்க்கமும் படித்துப் பட்டங்கள் பெற்றவர் யோகத்தில் இறங்கினார். மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில் 1933-இல் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை ஏற்பட்டது. அங்கே படித்தவர்களில் பெரும்பாலோர் சிறுவர்கள். ஆசாரியர் கண்டிப்புக்குப் பேர்போனவர். 1938-இல் எடுத்த ஒரு மௌனப் படம் இருக்கிறது. அதில் அவரும் அவருடைய மைத்துனர் பி. கே. எஸ். அய்யங்காரும் போடுகிற ஆசனங்களைப் பார்த்தால் நம் எலும்புகள் வலிக்கும்.

இந்த வரலாற்றில் என் மனசைத் தொட்ட இடம் அதற்கு அப்புறந்தான் வருகிறது. மகாராஜா 1940-இல் காலமானார். தேசம் சுதந்திரம் அடைந்தது, சமஸ்தானங்கள் போயின, யோகசாலை மூடப்பட்டது. அறுபது வயது கடந்த பண்டிதருக்குப் பிழைப்பு போயிற்று. 1952 வாக்கில், பக்கவாதம் கண்ட ஒரு பிரபல வழக்கறிஞருக்குச் சிகிச்சை செய்வதற்காகச் சென்னைக்கு வந்தவர், சென்னையிலேயே தங்கிவிட்டார்.

சென்னையில் அவரைத் தேடி வந்தவர்கள் அரண்மனைச் சிறுவர்கள் அல்ல. மூச்சு வாங்குகிறவர்கள், தூக்கம் இல்லாதவர்கள், கை கால் வராதவர்கள். இவர்களை வரிசையில் நிறுத்தி ஒரே ஆசனத்தைப் போடச் சொன்னால் என்ன ஆகும்? ஆகவே ஒவ்வொருவராக உட்கார வைத்து, நாடி பார்த்து, மூச்சைப் பார்த்து, இவருக்கு இவ்வளவு என்று வகுத்துக் கொடுக்கலானார். வித்தைக்கு ஆளை வளைப்பதை விட்டு, ஆளுக்கு வித்தையை வளைத்தார். ஆசனத்துக்குப் பதஞ்சலி வைத்த இலக்கணம் இரண்டே குணங்கள்: நிலை பெற்றிருக்க வேண்டும், சுகமாகவும் இருக்க வேண்டும். சுகம் என்பது ஆளுக்கு ஆள் வேறு அல்லவா?

அவர் குமாரர் தேசிகாச்சார் எஞ்சினீயருக்குப் படித்தவர். தகப்பனார் தொழிலில் அவருக்கு நாட்டமே இல்லை. ஒருநாள் வீட்டு வாசலில் ஒரு வெளிநாட்டு மாது காரிலிருந்து இறங்கி ஓடிவந்து, அந்த ஆசாரமான கிழவரைக் கட்டிக்கொண்டு நன்றி சொன்னாள். வெகு நாளைக்குப் பிறகு முந்தின இரவுதான் மருந்தில்லாமல் தூங்கினாளாம். பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை தகப்பனாரிடம் பாடம் கேட்க உட்கார்ந்துவிட்டார். 1960-களின் நடுவில் ஜே. கிருஷ்ணமூர்த்திக்கே அவர் ஆசிரியரானார். அந்தக் கிருஷ்ணமூர்த்தியின் நெருங்கிய நண்பர்தான் அலெக்ஸாண்டரிடம் பாடம் கேட்ட ஆல்டஸ் ஹக்ஸ்லி. இரண்டு ஆறுகள் இவ்வளவு பக்கத்தில் ஓடியிருக்கின்றன! தேசிகாச்சார் 1976-இல் தந்தையின் பெயரால் சென்னையில் யோக மந்திரம் நிறுவினார்.

மைத்துனர் அய்யங்கார் கதையும் இதே மாதிரிதான். அவர் பூனாவுக்குப் போய்ச் சேர்ந்தார். 1952-இல் உலகப் புகழ் பெற்ற வயலின் வித்வான் யெகுதி மெனுகின் அவரைப் பம்பாயில் சந்தித்தார். ஐந்து நிமிஷச் சந்திப்பு என்று ஆரம்பித்தது, மணிக்கணக்கில் நீண்டது. பிற்பாடு மெனுகின், வயலினைத் தொடாத அந்த மனிதருக்கு ஒரு கைக்கடிகாரம் பரிசளித்து, 'என் தலைசிறந்த வயலின் ஆசிரியருக்கு' என்று அதன் பின்புறத்தில் பொறித்துக் கொடுத்தார். தோளை விடக் கற்றுக்கொடுத்தவன், வில்லைப் பிடிக்கவும் கற்றுக்கொடுத்தவன்தானே!

கிருஷ்ணமாச்சாரியார் தொண்ணூறைக் கடந்த வயதில் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். சத்திர சிகிச்சை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படுத்த படுக்கையிலேயே தமக்கென்று ஓர் அப்பியாசம் வகுத்துக்கொண்டார். கடைசியில் அவருக்கு அவரே சிஷ்யர். 1989-இல், நூறாவது வயதைக் கடந்து, மறைந்தார்.

இதெல்லாம் பெரியவர்களின் பிரமையா, உண்மையில் பலன் உண்டா என்று வாசகர் கேட்கலாம். நானும் கேட்டேன். இங்கிலாந்தில் நாட்பட்ட முதுகுவலிக்காரர்கள் 579 பேரை வைத்துச் செய்த ஒரு பரிசோதனையின் முடிவு 2008-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. வழக்கமான வைத்தியம் மட்டும் பார்த்துக்கொண்டவர்களுக்கு ஒரு வருஷம் கழித்தும் நான்கு வாரத்தில் 21 நாள் வலி இருந்தது. அலெக்ஸாண்டர் முறையில் 24 பாடம் தனித்தனியே கேட்டவர்களுக்கு மூன்றே நாள். ஆறு பாடம் மட்டும் கேட்டவர்களுக்கும் பத்து நாள் குறைந்திருந்தது. எல்லா வலிக்கும் இது மருந்து என்று நான் சொல்லவில்லை. முதுகு விஷயத்தில் கணக்கு இப்படி இருக்கிறது.

எனக்கும் பலன் இருந்தது. இந்தக் கட்டுரையைப் பேனா நழுவாமல்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆனால் படிக்கப் படிக்க ஒரு விஷயம் உறுத்திற்று. வந்தவர்களின் பெயர்களை மறுபடியும் பாருங்கள்: வழக்கறிஞர், வயலின் வித்வான், தத்துவாசிரியர், நாடகாசிரியர், நாவலாசிரியன். நாள் முழுவதும் உட்காருவதே தொழிலான நெசவாளி ஒருவராவது இந்த ஜாபிதாவில் உண்டா?

போன தை மாதம் ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் தெருவில் தறிச் சத்தம் குறைந்துவிட்டது. பெரியப்பா தறியை விட்டுப் பல வருஷம் ஆகிறது, திண்ணையில் குந்தியிருந்தார். முதுகு மட்டும் இன்னமும் தறியில் இருக்கிறது. நான் கற்றுக்கொண்டதையெல்லாம் உற்சாகமாகச் சொன்னேன். அலெக்ஸாண்டரின் மூன்று கண்ணாடிகளையும் சொன்னேன்.

"கண்ணாடி இன்னாத்துக்குடா?" என்றார். "நான் கோணலாக் குந்தினா அடி ஒரு பக்கம் அழுத்தும், ஒரு பக்கம் தளரும். சேலையிலே தெரிஞ்சிடும். சேலைதான் கண்ணாடி."

எனக்குப் பேச்சு எழவில்லை. எவ்வளவு சரியான பேச்சு! ஆனால் அந்தக் கண்ணாடி சேலையின் கோணலைத்தான் காட்டிற்று. அதைச் சரிக்கட்டுவதற்காக அவர் முதுகு வாங்கிக்கொண்ட கோணலைக் காட்டவில்லை.

"பெரியப்பா, ஒவ்வொரு அடிக்கும் முன்னாடி ஒரு கணம் நின்னு, கழுத்தை விட்டுட்டு அடிச்சிருந்தா..." என்று ஆரம்பித்தேன்.

"நின்னா?" என்றார். "சேலைக்குத்தான்டா கூலி. நின்னதுக்கு யார் கூலி குடுத்தா?"

கோபமாகச் சொல்லவில்லை. விலை விசாரிக்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டார். அலெக்ஸாண்டரின் வித்தை முழுவதும் அந்தக் கணம் நிற்பதில் இருக்கிறது. அந்த ஒரு கணத்தைத்தான் எங்கள் தெருவில் யாராலும் வாங்க முடியவில்லை. கை வைத்துக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியருக்கு ஆரணியில் பஞ்சம் இருந்ததில்லை. வீட்டுக்கு வீடு ஒருவர் இருந்தார். பஞ்சம், நிற்பதற்குத்தான்.

அவரை எழுப்பி உள்ளே சாப்பிட அழைத்துப் போக வேண்டியிருந்தது. வழக்கம்போல் இரண்டு கைகளையும் ஊன்றினார். "அவசரம் இல்லை, பெரியப்பா, இப்போ கூலிக்கணக்கு இல்லையே" என்று சொல்லி, அவர் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, முதுகில், கையை வைத்தேன். தள்ளவில்லை, சும்மா வைத்தேன். ஒரு நிமிஷம் அப்படியே இருந்தார். மூச்சு ஒன்று நீளமாக வந்தது. பிறகு எழுந்தார். முதுகு நிமிர்ந்துவிட்டது என்று எழுதினால் அது கதையாகிவிடும், நிமிரவில்லை. ஆனால் வாசற்படி வரையில் கையை ஊன்றாமல் நடந்தார்.

படியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்து, இரண்டு விரலால் என் தோளைத் தட்டினார்.

"இதை இன்னும் விடலையேடா நீ" என்றார்.